டில்லிங்கோட்டின் புதிய பிரபு

ஹெப்சிபா ப்ரோபர்ட் அன்று ஏலத்துக்குப் போனது தன் பண்ணையை வாங்கத்தான். இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுத மண் அது. புருஷன் எட்வின் செத்த பிறகு ஆறு வருஷம் தனியாளாக நின்று பால் கறந்து, ஆப்பிள் பறித்து, அதில் சைடர் மது பிழிந்து காப்பாற்றிய மண். வேறு யார் கைக்காவது போய்விடுமோ என்ற பயத்தில் முந்தின நாள் முழுக்க அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

போர் முடிந்து மூன்றாவது வசந்தம். ஹெர்ஃபர்ட்ஷயர் பக்கத்துப் பெரிய மாளிகைகளையெல்லாம் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். டில்லிங்கோட் மேனர் என்கிற ஜமீனும் அந்த வரிசையில் வந்து நின்றது. மாளிகை, தோப்பு, ஒன்பது பண்ணை, மாவு ஆலை, மதுக்கடை என்று எல்லாவற்றுக்கும் எண் ஒட்டி, சந்தை நடக்கும் ஊரில் ஒரு விடுதி மாடியில் ஏலம் கூறினார்கள். மாளிகை காலையிலேயே போய்விட்டது. வாங்கியவர் பர்மிங்காமில் பொத்தான் தொழிற்சாலை வைத்திருந்த ஆல்பிரட் ஸ்பூனர். வாங்கின கையோடு தொப்பியை மாட்டிக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிட்டார், இனி ஊரே தனக்கு என்கிற நடையில்.

மத்தியானத்துக்கு மேல் ஹெப்சியின் பண்ணை வந்தது. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. அடுத்தவன் பண்ணைக்கு வாய் திறப்பதில்லை என்று குத்தகைக்காரர்கள் முன்பே பேசிவைத்திருந்தார்கள். சுத்தியல் விழுந்து பண்ணை ஹெப்சிக்கு ஆனது. எழுந்து போகலாம் என்று பார்த்தால், பத்திரத்தில் கையெழுத்து எல்லா எண்ணும் முடிந்த பிறகுதான் என்றார்கள். அதனால்தான் கடைசி ஏலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி எண்," என்றார் ஏலக்காரர், கண்ணாடியைத் துடைத்தபடி. "டில்லிங்கோட் மேனரோட பிரபு பட்டம். கூடவே பழைய உரிமைங்க, பழைய பத்திரம் ஒரு பெட்டி. உழுற நெலம் கெடையாது, வீடு கெடையாது. பட்டம் மட்டும்தான். யார் ஆரம்பிக்கிறீங்க?"

யாரும் ஆரம்பிக்கவில்லை.

"அத எந்தத் தொழுவத்துல கட்டுறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாடியே சிரித்தது. ஏலக்காரர் விலையைக் குறைத்தார். மறுபடி குறைத்தார். மீந்துபோன முட்டைக்கோஸைக் கூவுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் சர் ஆம்ப்ரோஸ் கெல்வே தனியாக உட்கார்ந்திருந்தார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. இதுவரை பட்டம் அவருடையது. அவருக்கு முன் அவருடைய அப்பாவுடையது, மொத்தம் இருநூற்று முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்துடையது. தொழுவத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஹெப்சி அவரோடு பதினோரு வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். அந்த மனிதரை அவளுக்கு அறவே பிடிக்காது. ஆனால் அவருடைய காது இரண்டும் சிவந்திருந்ததைப் பார்த்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"அட, நான் எடுத்துக்கறேன், விடுங்க!" என்று கத்திவிட்டாள்.

சுத்தியல் விழுந்தது.

கீழே வண்டியோடு காத்திருந்தான் ஜெத்ரோ. அவளுடைய மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவன். அறுபது வயது, யாரையும் மதித்துப் பேசிப் பழக்கமில்லாத நாக்கு.

"என்ன முதலாளியம்மா, பண்ணை கெடச்சுதா?"

"கெடச்சுது."

"பின்ன ஏன் திருடிட்டு வந்த மாதிரி முழிக்கிறீங்க?"

"இன்னொண்ணும் வாங்கிட்டேன். புதுப் பசுவுக்கு வெச்சிருந்த காசுல."

"பசுதானே? நல்லதுதானே?"

"பசு இல்ல. பிரபு பட்டம்."

ஜெத்ரோ கடிவாளத்தைக் கையில் எடுத்தான். "அதுக்கு எத்தன காம்பு?"

"யோவ், வாய மூடிட்டு வண்டிய ஓட்டு."

"ஆகட்டும் பிரபுவே," என்றான் ஜெத்ரோ. வழி முழுக்க அவன் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. சர் ஆம்ப்ரோஸே கொண்டுவந்தார். மாளிகையைவிட்டு சர்ச் சந்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோயிருந்தார் அவர். வேலைக்காரர் இல்லை. கைவண்டியில் பெட்டியை வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, ஹெப்சியின் சமையலறை வாசலில் நின்றார்.

"பிரபுவோட சொத்து. ஒப்படைக்க வந்தேன்."

"அந்தக் கூரைய ஒழுங்கா ஒப்படைச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"கூரை இப்ப உங்களோடது, மிஸ்ஸஸ் ப்ரோபர்ட். இனிமே ஒழுகினா நீங்க உங்களையேதான் திட்டிக்கணும்."

பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது. ஹெப்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டி வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து இன்னொரு துண்டும் வைத்தாள்.

பெட்டிக்குள் தோலில் எழுதிய சுருள்கள், மெழுகு முத்திரைகள், எலி கடித்த கட்டுகள். பாதிக்கு மேல் லத்தீன். ஹெப்சிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியும். ஞாயித்துக்கெழம மத்தியானம் எனக்கு வேல எதுவும் இல்ல," என்றார் சர் ஆம்ப்ரோஸ், கண்ணைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு.

அப்படி ஆரம்பித்ததுதான். சர்ச் முடிந்து சாப்பாடும் முடிந்ததும் அவர் வந்துவிடுவார். மேசையில் சுருளைப் பிரித்து நாலு மூலையிலும் ஜாம் ஜாடியை வைப்பார்கள். ஜெத்ரோவும் கதவோரம் வந்து உட்கார்ந்துகொள்வான், சைடர் கோப்பையோடு. ஹெப்சி சாக்குத் தைத்துக்கொண்டே கேட்பாள்.

இந்த மேனரை முதன்முதலில் பெற்றவன் ஆஸ்பெர்ன் என்று ஒரு சிப்பாய். கடல் தாண்டி வந்த ராஜா ஆற்றைக் கடக்கும்போது, அவருடைய வேட்டைநாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தானாம். ராஜா மனம் குளிர்ந்து டில்லிங்கோட்டைக் கொடுத்துவிட்டார்.

"எத்தன நாய்?" என்றான் ஜெத்ரோ.

"நாலுன்னு போட்டிருக்கு."

"நாலு நாய்க்கு ஒரு ஊரா! நான் இந்த அம்மாவோட கன்னுக்குட்டி எத்தனயத் தூக்கியிருக்கேன்."

ஆஸ்பெர்னின் கொள்ளுப்பேத்திக்குப் பிள்ளை இல்லை. தன் ஆத்மாவுக்காகத் தினமும் ஜெபிக்கச் சொல்லி ஊரைத் துறவிகளுக்கு எழுதிவைத்துவிட்டாள். துறவிகள் முந்நூறு வருஷம் ஜெபித்தார்கள், கூடவே மூன்று மீன்குளமும் வெட்டினார்கள். பிறகு மடங்களையெல்லாம் மூடிய ராஜா வந்து அதைப் பிடுங்கி, தன் அரண்மனைக்கு மீன் வாங்கித் தருகிற ஆளுக்குக் கொடுத்தார். அந்த வம்சத்தில் உள்நாட்டுப் போர் வந்தபோது அண்ணன் ராஜா பக்கம், தம்பி பாராளுமன்றத்தின் பக்கம். யார் ஜெயித்தாலும் ஊர் வீட்டைவிட்டுப் போகாதே! ஆனால் இரண்டு பேரும் போரில் செத்தார்கள். மேனர் அண்ணனின் விதவைக்குப் போனது. அவள் அதற்குப் பிறகு மூன்று கல்யாணம் செய்துகொண்டாள்.

"மூணா?" என்றாள் ஹெப்சி, ஊசியை நிறுத்தி.

"மூணும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு லாபமான கல்யாணம்."

"அந்தம்மாவ எனக்குப் பிடிச்சிருக்கு."

அதற்கு அடுத்ததுதான் கெல்வே குடும்பம். அது எப்படி வந்தது என்று படிக்காமலேயே ஊருக்குத் தெரியும். சர்ச் சுவரில் பளிங்குக் கல்லே இருக்கிறது. முதல் கெல்வே ஒரு குதிரைப்படைத் தளபதி. ஓடிவந்த இளவரசரைத் தன் லாயத்தில் வைக்கோலுக்கடியில் ஒளித்துக் காப்பாற்றினார். இளவரசர் ராஜாவானதும் இந்த மேனரை வெகுமதியாகக் கொடுத்தார். சர் ஆம்ப்ரோஸ் அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

ஜூன் மாதம் பிறந்ததும் ஸ்பூனர் வேலியடித்தார்.

ஊர் நடுவில் வாத்துத்திடல் என்று ஒரு பெரிய புல்வெளி. யார் வீட்டு வாத்து வேண்டுமானாலும் அங்கே மேயும். கல்யாணம், மேளா, கிரிக்கெட் எல்லாம் அதில்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் திடலில் பாதியைச் சுற்றிப் பச்சை வண்ணம் பூசிய வேலி. ஒரு வாயில். வாயிலில் பலகை: 'தனியார் டென்னிஸ் மைதானம். உத்தரவு: மேனர் பிரபு.'

ஊரில் யாரும் ஸ்பூனரிடம் பட்டம் எங்கே போனது என்று சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்கிற சுபாவம் அவருக்கு இல்லை. பலகையைப் பார்த்ததும் ஊரே ஹெப்சியின் வாசலுக்கு வந்துவிட்டது. வாத்துக்களும் வந்துவிட்டன.

ஹெப்சி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் திடலுக்கு நடந்தாள். ஸ்பூனர் அங்கேதான் இருந்தார். குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். கோட்டில் பன்னிரண்டு பொத்தான்.

"மிஸ்டர் ஸ்பூனர், இது ஊர்ப் பொதுத்திடல்."

"தெரியுமே! மேனரோட புறம்போக்கு. புறம்போக்கு மண்ணு பிரபுவுக்குச் சொந்தம். சட்டம் படிச்சுட்டுத்தாம்மா வந்திருக்கேன்." குரலில் கர்வத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். "மாளிக என்னோடது. அப்ப பிரபு நான்தானே?"

"மாளிக உங்களோடது. பிரபு நான்."

ஸ்பூனர் அவளுடைய ஏப்ரனைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா இருக்கும்மா! இந்த ஊர்ல இப்படித் தமாஷா பேசுவாங்கன்னு யாரும் சொல்லவேயில்லயே!"

ஹெப்சிக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டதைப் பார்த்து, கோபத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சர் ஆம்ப்ரோஸ் கொதித்துக்கொண்டு வந்தார். "கடைக்காரன்! பொத்தான் விக்கிறவன் கையில ஊரக் குடுத்தா இதுதான் நடக்கும். ரத்தத்துல இருக்கணும் மிஸ்ஸஸ் ப்ரோபர்ட், ரத்தத்துல! பழைய பிரபுக்கள் வழக்குமன்றம் கூட்டுவாங்க. பன்னெண்டு ஊர்க்காரங்க உக்காந்து தீர்ப்பு சொல்லுவாங்க. அந்த உரிமை இன்னும் உங்ககிட்ட இருக்கு. திடலப் பத்தி எங்கயாவது ஒரு தீர்ப்பு எழுதியிருக்கும். தேடுவோம்."

இரண்டு மணி நேரம் தேடினார்கள். ஒரு சுருளைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "கெடச்சிருச்சு! வாத்துத்திடல், வேலி... ஆயிரத்தி அறுநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு..." உதடு அசைய மௌனமாகப் படித்தார். பாதி வழியில் உதடு நின்றது. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். சுருளை மெல்லச் சுருட்டினார்.

"கண்ணு வலிக்குது," என்றார். "இன்னிக்குப் போதும்."

ஆப்பிள் பைத் துண்டைத் தொடாமலே போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வரவில்லை.

"என்னமோ கடிச்சிருச்சு அவர. அந்தச் சுருளுக்குள்ள," என்றான் ஜெத்ரோ.

மறுநாள் பால் வேலை முடிந்ததும் ஹெப்சி அந்தச் சுருளோடு சர்ச் சந்துக்குப் போனாள். அவர் தோட்டத்தில் கத்தரிக்கோலோடு ரோஜாச்செடி முன்னால் நின்றுகொண்டிருந்தார், எதையும் வெட்டாமல்.

"நாங்க ஜெயிக்கிறதுக்கு அதுல வழி இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க ஐயா."

"இருக்கு."

"அப்பறம் என்ன?"

அவர் கத்தரிக்கோலை மடக்கினார். பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தளபதின்னு யாரும் கெடையாது. லாயம் கெடையாது, இளவரசர் கெடையாது. ஜோசையா கெல்வே, பிரிஸ்டல்ல மெழுகுவத்தி வியாபாரி. அந்த மூணு கல்யாணம் பண்ணுன அம்மாகிட்ட இந்த மேனர வெல குடுத்து வாங்கியிருக்கான். வாங்குன மூணாவது மாசம் என்ன பண்ணான் தெரியுமா?"

"என்ன பண்ணாரு?"

"வாத்துத்திடல்ல வேலி போட்டான். பந்து உருட்டி வெளையாடறதுக்கு."

ஹெப்சி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க, சிரிங்க. எழுபது வருஷமா நான் தளபதி வம்சம். சர்ச்ல வாராவாரம் அந்தக் கல்லுக்கு நேரா உக்காந்திருக்கேன்."

சிரிப்பு அடங்கியதும் ஹெப்சி தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். யோசித்தாள். பெட்டி அவளுடையது, சுருள் அவளுடையது. வேறு யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளலாம்; பாதிரியாருக்கும் லத்தீன் தெரியும். ஊருக்குத் திடல் வேண்டும். ஆனால் இந்த மனிதருக்கு மிச்சமிருந்தது அந்தப் பளிங்குக் கல் ஒன்றுதான்.

"இந்தாங்க," என்று சுருளை அவர் பக்கத்தில் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். வழக்குமன்றம் கூட்டறேன். இது இல்லாமலே வாதாடிப் பாக்கறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்."

"மிஸ்ஸஸ் ப்ரோபர்ட், அது உங்க சொத்து."

"ஆமா. அத எங்க வைக்கணும்னு நான் சொல்றேன். நாளைக்கு ஆப்பிள் பை சுடறேன், வாங்க."

சர்ச் கதவில் அறிவிப்பு ஒட்டினாள். டில்லிங்கோட்டில் நூறு வருஷமாக வழக்குமன்றம் கூடியதில்லை. பதினைந்தாம் நாள் மத்தியானம், சைடர் பிழிகிற கொட்டகையில் ஊர் முழுக்கக் கூடிவிட்டது. பீப்பாய்களின் மேலெல்லாம் ஆட்கள். பன்னிரண்டு பேர் ஒரு நீளப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், ஜெத்ரோ நடுவில், கழுவிய முகத்தோடு. ஹெப்சி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை வைத்துக்கொண்டு ஆலைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஸ்பூனர் வக்கீலோடு வந்தார். வக்கீல் அறிவிப்பைப் படித்தார், ஹெப்சி நீட்டிய ஏலப் பத்திரத்தைப் படித்தார், ஸ்பூனரின் காதில் ஏதோ சொன்னார்.

"என்னது?" என்றார் ஸ்பூனர். "நிஜமாவா? தமாஷ் இல்லயா?"

"தமாஷ் இல்லங்க. இந்தம்மாதான் பிரபு."

ஸ்பூனர் அப்படியே ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பர்மிங்காம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றார், யாரிடமும் இல்லாமல். கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டேயிருந்தார். "சரிம்மா. மண்ணு உங்களோடது. ஆனா புல்ல நான் சமப்படுத்தியிருக்கேன். ஆறு வண்டி மண்ணு கொட்டியிருக்கேன். அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஹெப்சி பெஞ்சிலிருந்த பன்னிரண்டு பேரைத் திரும்பிப் பார்த்தாள். "பிடுங்கி எறி!" என்று கொட்டகையில் பாதிப் பேர் கத்தினார்கள். "மண்ணுக்குப் பதில் சொல்லு!" என்றார்கள் நியாயம் பேசுகிறவர்கள். இரைச்சல் கூடியது.

அப்போது பின்னாலிருந்து சர் ஆம்ப்ரோஸ் எழுந்தார். கையில் அந்தச் சுருள்.

"மன்றத்துக்கு முன்னாடி ஒரு பழைய தீர்ப்பு இருக்கு," என்றார். "படிக்க உத்தரவு வேணும் பிரபு."

ஹெப்சி மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் கண்டுகொள்ளவில்லை. படிக்க ஆரம்பித்துவிட்டார், லத்தீனில் ஒரு வரி, ஊர் மொழியில் ஒரு வரி. ஜோசையா கெல்வே, மெழுகுவத்தி வியாபாரி என்று வந்த இடத்தில் குரலை இறக்கவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றினார். திடலில் வேலி போட்டது. ஊர் திரண்டது. 'நாற்றம் பிடித்த கடைக்காரனுக்குப் பிரபு வேஷம் எதற்கு' என்று ஒரு கிழவி மன்றத்தில் கத்தியதுகூட எழுதியிருந்தது. அதையும் படித்தார்.

எல்லாத் தலையும் சர் ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பியது. சர்ச்சில் அந்தக் கல்லைப் பார்க்காதவர் அங்கே யாரும் இல்லை.

ஸ்பூனர்தான் முதலில் வாய் திறந்தார். "உங்க குடும்பமும் வியாபாரமா?"

"மெழுகுவத்தி. மாட்டுக் கொழுப்புல செய்யறது."

"அது நாறுமே!"

"ஊரையே தூக்கியிருக்கு போல."

"பொத்தான்ல நாத்தமே கெடையாது," என்றார் ஸ்பூனர், ரொம்ப அக்கறையாக.

முதலில் சிரித்தது சர் ஆம்ப்ரோஸ். தாடை நடுங்கியது, பிறகு தோள், பிறகு ஆளே குலுங்கினார். கண்ணில் தண்ணீர் வழிய ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துக் கொட்டகை மொத்தமும் வெடித்தது. தொட்டிமேல் உட்கார்ந்திருந்த ஸ்பூனரும், எதற்கென்று முழுசாகப் புரியாமலே சிரித்தார்.

"தீர்ப்ப சொல்லலியே!" என்றான் ஜெத்ரோ. "அந்த வத்திக்காரன என்ன பண்ணாங்க?"

சர் ஆம்ப்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். "வேலி போகணும். சமப்படுத்துன புல்வெளி இருக்கலாம். அவன் வெளையாடலாம். ஊர்ல யார் வந்து கேட்டாலும் அவனோட சேந்து வெளையாடலாம், அவன் மறுக்கக் கூடாது. வாத்து மேயறதத் தடுக்கக் கூடாது. வேலி போட்ட குத்தத்துக்கு ஊருக்கு ஒரு பீப்பாய் பீர்."

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெத்ரோ எழுந்தான். "நாங்களும் அதேதான். பீர மட்டும் ரெண்டு பீப்பாயாக்கிக்கறோம். காலம் மாறிருச்சு."

"யார் கேட்டாலும் வெளையாட வருவாங்களா?" என்றார் ஸ்பூனர். "நிஜமா வருவாங்களா? நான் பந்து வாங்கி வெச்சு ஒரு மாசமாச்சு. என்கூட வெளையாடறதுக்கு ஒருத்தரும் இல்ல." அவர் முகத்தைப் பார்த்து வக்கீல் தன் பையை மூடினார்.

வேலியை மறுநாள் அவரே ஆள் வைத்துப் பிடுங்கினார். அந்தப் பலகையை மட்டும் ஹெப்சி வாங்கிக்கொண்டாள். கோழிக்கூண்டுக்கு ஒரு கதவு தேவைப்பட்டது.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை ஸ்பூனர் ஊருக்கே டென்னிஸ் பந்தயம் வைத்தார். மாளிகையிலிருந்து சாண்ட்விச்சும் எலுமிச்சைச் சாறும் வந்துகொண்டேயிருந்தன. நடுவர் சர் ஆம்ப்ரோஸ், ஏணியின் உச்சியில் குடையோடு. பாதிரியாரைக் கொல்லன் தோற்கடித்தான். கொல்லனைப் பள்ளிக்கூட டீச்சர் தோற்கடித்தாள். ஜெத்ரோவை ஒரு வாத்து தோற்கடித்தது. பந்தின்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது.

ஹெப்சி வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். ஸ்பூனர் மட்டையோடு நேராக அவளிடமே வந்து நின்றார்.

"பிரபு, ஒரு ஆட்டம்?"

"எனக்கு இத எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாதே."

"நான் கேட்டா நீங்க மறுக்கலாம். நீங்க கேட்டா நான்தான் மறுக்கக் கூடாது."

"அப்ப நான் கேக்கறேன்," என்றாள் ஹெப்சி.

பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பாவாடையை ஒரு கையில் தூக்கிக்கொண்டாள். முதல் பந்தை மதுக்கடைக் கூரைக்கு அனுப்பினாள். இரண்டாவதைக் குளத்துக்கு. ஊர் ஆரவாரம் செய்தது. மூன்றாவது ஸ்பூனரின் வயிற்றில் பட்டுத் தெறித்தது. "புள்ளி யாருக்கு?" என்று அவள் கத்தினாள். ஏணி உச்சியில் சர் ஆம்ப்ரோஸ் ஆட்ட விதிப் புத்தகத்தைப் புரட்டினார், குடையைச் சாய்த்தார், தொண்டையைக் கனைத்தார், பிறகு எதுவும் தெரியாமல் இரண்டு பேருக்கும் ஒரு புள்ளி கொடுத்தார்.

பால் கறக்க நேரமாகிவிட்டது என்று ஜெத்ரோ மூன்று முறை வந்து கூப்பிட்டான். ஹெப்சி நாலாவது முறைதான் மட்டையைக் கீழே வைத்தாள்.